டேபிள் ஒன்றில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை? வயது வந்தோர் நலக் கணக்கெடுப்பின் சமூகப் பின்னணி அட்டவணை

வெண்ணிலா_எம்டி

எல்லோருக்கும் வணக்கம். சமூக மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு மக்கள்நலக் கணக்கெடுப்பின் தரவை வாங்கி, 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் ரத்த அழுத்தத்தைப் பற்றி தீசிஸ் எழுதுகிறேன். முதல் அட்டவணை எல்லோரும் போடுவதுதான்: வயது, பாலினம், படிப்பு, திருமண நிலை, வேலை, வருமானம், நகரமா கிராமமா. "அதை அரை மணி நேரத்தில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்" என்கிறார் சீனியர். எனக்கோ அது நகரவே மாட்டேன் என்கிறது.

சந்தேகங்கள் இவை. சதவீதத்தை வெயிட் போட்டுத் தருவதா, போடாமல் தருவதா? ஆண், பெண் என்று இரண்டு பத்தி பிரித்து ஒவ்வொரு வரிக்கும் பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகத் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) போடச் சொல்கிறார்கள், அது தேவையா? மாதிரியில் பெண்கள் ஆண்களைவிட ரொம்ப அதிகம், இதை எங்கே எப்படிச் சொல்வது? வருமானக் கேள்விக்குப் பலர் பதிலே சொல்லவில்லை, அவர்களை விட்டுவிடலாமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

சந்தேகப்பிராணி

டேபிள் ஒன்றை யார் படிக்கிறார்கள்? நான் நேராக டேபிள் மூன்றுக்குப் போய்விடுவேன். தேர்வாளரும் அப்படித்தான். சீனியர் சொன்னதைக் கேளுங்கள், தூக்கம் மிஞ்சும்.

பழைய_புள்ளி

யாரும் படிப்பதில்லை என்பது உண்மை. வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது. "வயது வந்தோரில் இத்தனை சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம்" என்று பின்னால் எழுதப்போகிறீர்கள். எந்த வயது வந்தோர்? அதற்கு அந்தப் புத்தகம் முழுக்க ஒரே இடத்தில்தான் பதில் இருக்கிறது. அந்த அட்டவணையை மக்கள்தொகைக் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் பின்னால் வரும் எந்த எண்ணையும் நம்ப நான் தயாராக இல்லை.

வெண்ணிலா, வெயிட் விஷயத்தை முதலில் முடிப்போம். கணக்கெடுப்பில் எல்லோருக்கும் தேர்வாகும் வாய்ப்பு ஒரே அளவில் இருப்பது அபூர்வம். வேண்டுமென்றே மாற்றுவார்கள். அதை ஈடுகட்ட, ஒருவர் எத்தனை பேருக்காகப் பேசுகிறார் என்று பார்த்து அவர் பதிலுக்குத் தரும் எடைதான் வெயிட். 90,000 பெரியவர்கள் உள்ள ஒரு பகுதி, 10,000 பேர் உள்ள இன்னொரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பகுதிக்கும் தனியாக ஒரு மதிப்பீடு வேண்டும் என்பதற்காக இரண்டிலும் 500 பேரை எடுக்கிறார்கள். பெரிய பகுதியில் 20 சதவீதம் பேர் புகைக்கிறார்கள், சின்னதில் 40. வெயிட் போடாமல் கூட்டினால் 30 சதவீதம் என்று வரும். உண்மை 22. எட்டுப் புள்ளி தவறு, அதுவும் பேட்டி எடுத்தவர் மீதோ பதில் சொன்னவர் மீதோ ஒரு குற்றமும் இல்லாமல்.

இன்னொன்று இதைவிடக் கண்ணுக்குத் தெரியாதது. வீட்டுக்கு ஒருவரை மட்டும் பேட்டி எடுக்கும் கணக்கெடுப்பா உங்களுடையது? புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1949-ல் வெளியிட்ட தேர்வுக் கட்டம் இதற்குத்தான் பயன்படுகிறது. வீட்டில் உள்ள பெரியவர்களை வரிசைப்படுத்தி, கட்டம் சொல்லும் ஆளை மட்டும் பிடிக்க வேண்டும். தனியாக வாழ்பவர் வீட்டில் அவர் நிச்சயம் தேர்வாவார். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒருவருக்கு வாய்ப்பு நான்கில் ஒன்று. 100 வீட்டில் 50 வீடு தனியாள், 50 வீடு நால்வர் என்றால் மொத்தப் பெரியவர்கள் 250. அதில் தனியாக வாழ்பவர்கள் 20 சதவீதம்தான். மாதிரியிலோ அவர்கள் சரிபாதி! தனியாக இருப்பவர்களில் துணையை இழந்த முதியவர்கள் அதிகம் என்றால் வயது, திருமண நிலை, ரத்த அழுத்தம் மூன்றும் ஒரே பக்கம் சாயும்.

அதனால் எண்ணிக்கைப் பத்தியில் உண்மையில் பேட்டி கொடுத்தவர்கள், வெயிட் இல்லாமல். சதவீதப் பத்தியில் வெயிட் போட்டது. எது எது என்று அட்டவணைக்குக் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். எண்ணிக்கையை வகுத்துப் பார்த்துவிட்டு "சதவீதம் தப்பு" என்று கிளம்பும் தேர்வாளரிடம் அந்த வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

வெண்ணிலா_எம்டி

வீட்டுக்கு ஒருவர்தான் சார். தரவோடு வெயிட் பத்தியும் இருக்கிறது. அதை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பதே இப்போதுதான் விளங்குகிறது.

களத்துமேடு

நான் புள்ளியியல் படித்தவன் இல்லை. பல கணக்கெடுப்புகளில் மேற்பார்வையாளராக இருந்திருக்கிறேன். அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாசற்படி கதை உண்டு, சிலதைச் சொல்கிறேன்.

பெண்கள் ஏன் அதிகம் என்கிறீர்கள். நாங்கள் போகிற நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். வேலைக்குப் போகிற 25, 30 வயது ஆண்கள் காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவார்கள். கட்டம் அவர் பெயரைக் காட்டினால் அவருக்காகவே திரும்பத் திரும்பப் போக வேண்டும். நல்ல கணக்கெடுப்பில் குறைந்தது மூன்று முறை போகச் சொல்வார்கள், வேறு வேறு நேரத்தில். மாலையில் கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டிய பேட்டியாளர் மூன்று தடவையும் பகலிலேயே போனால் படிவத்தில் மூன்று முறை போனதாகத்தான் இருக்கும், ஆள் கிடைத்திருக்க மாட்டார். கட்டத்தைத் தள்ளிவிட்டு, கதவைத் திறந்தவரையே பேட்டி எடுத்துவிடுகிற ஆட்களும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கத்தான் மறுபார்வை என்று எங்களை அனுப்புகிறார்கள்.

அடுத்து வயது. "உங்க வயசு என்னம்மா?" என்றால், "நாப்பது, நாப்பத்தஞ்சு இருக்கும், நீங்களே பார்த்துப் போட்டுக்கங்க" என்று வரும். பிறந்த வருடம் தெரியாதவரிடம், ஊரே நினைவில் வைத்திருக்கும் நிகழ்ச்சிகளைச் சொல்லி, அப்போது நீங்கள் சின்னப் பிள்ளையா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்து வயதைக் கணிக்க வேண்டும். அவசரக்காரர் 40 என்று எழுதிவிட்டுப் போவார்.

வேலை பற்றிய கேள்விதான் ரொம்ப ஏமாற்றும். "நீங்கள் வேலை செய்கிறீர்களா?" என்று கேட்டால் பல பெண்கள் இல்லை என்பார்கள். டி.எச்.எஸ். என்ற, பல நாடுகளில் நடத்தப்பட்ட மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின் கேள்வித்தாளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதலில், வீட்டு வேலை தவிர கடந்த ஏழு நாளில் வேறு ஏதாவது வேலை செய்தீர்களா என்று கேட்பார்கள். இல்லை என்றால் உடனே அடுத்தது: சில பெண்கள் பொருள் விற்பார்கள், சின்னதாக வியாபாரம் செய்வார்கள், குடும்ப நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ வேலை பார்ப்பார்கள், அப்படி ஏதாவது செய்தீர்களா? முதல் கேள்விக்கு இல்லை என்றவர்கள் இரண்டாவதற்கு "அது செய்றேன், அதெல்லாம் வேலையா?" என்று சிரிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உங்கள் தரவில் "இல்லத்தரசி" என்ற வரி வீங்கியிருந்தால், இரண்டாவது கேள்வி இருந்ததா, இருந்தும் கேட்டார்களா என்று பாருங்கள்.

ஆர்_ஓட்டுபவன்

வயது பற்றிச் சொன்னதைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. விப்பிள் குறியீடு. 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில், வயது 0-விலோ 5-லோ முடிகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, ஐந்தால் பெருக்கி, அந்த வயது வரம்பில் உள்ள மொத்தப் பேரால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 100 என்றால் யாரும் வயதை முழு எண்ணுக்குத் தள்ளவில்லை. 500 என்றால் எல்லோருமே 0, 5 தான். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் நான்கு வரி.

கவனிக்க வேண்டியது ஒன்று. 35–39, 40–44 என்று ஐந்தைந்து வருடமாகப் பிரித்தால் 38, 39 வயதுக்காரர்கள் 40-க்குத் தாவி அடுத்த வகுப்பில் விழுந்துவிடுவார்கள். குறியீடு மோசமாக இருந்தால் பத்து வருட வகுப்பு வைத்துக்கொள்வது கொஞ்சம் தேவலை. எல்லைக்கோட்டுத் தாவல் அப்போதும் இருக்கும், ஆனால் எல்லைகள் பாதியாகிவிடும்.

களத்துமேடு

இன்னொரு தாவலும் உண்டு தம்பி. பேட்டிக்கு உரியவர் 49 வயது வரை மட்டும் என்று விதி இருந்தால், 48, 49 வயதுக்காரர்கள் சில படிவங்களில் திடீரென்று 50, 51 ஆகிவிடுவார்கள். ஒரு நீளமான பேட்டி மிச்சமாயிற்றே! வயது வாரியாகப் படம் போட்டால் எல்லையில் ஒரு பள்ளமும் அதற்கு அடுத்து ஒரு மேடும் தெரியும்.

சந்தேகப்பிராணி

சரி, பெண்கள் விஷயத்துக்கே வருகிறேன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் இந்தியாவில் 1,000 ஆண்களுக்கு 1,020 பெண்கள் என்று 2021 நவம்பரில் வந்ததே. பெண்கள் ஆண்களை முந்திவிட்டார்கள் என்று செய்தியெல்லாம் போட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் அது 943. இப்போது நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதுவும் வாசற்படிக் கதைதானா?

பழைய_புள்ளி

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அது பேட்டி கொடுத்தவர்களின் கணக்கு இல்லை. குடும்பப் பட்டியலில் முந்தைய இரவு அந்த வீட்டில் தங்கியவர்களின் கணக்கு. வேலைக்காக வெளியூரில் தங்கியிருப்பவர்கள், விடுதிகள், படை முகாம்கள், தொழிலாளர் கொட்டகைகள், இவற்றில் ஆண்கள் அதிகம். வீட்டை அலகாக எடுத்துக்கொள்ளும் கணக்கெடுப்பில் இவர்களில் பெரும்பாலோர் விழமாட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர்களையும் எண்ணும். இரண்டையும் பக்கத்தில் வைத்து 943 என்பது 1,020 ஆகிவிட்டது என்று படிப்பது சரியாகாது. அதே சுற்றில் முந்தைய ஐந்து ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளின் விகிதம் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 929 பெண் குழந்தைகள். பிறப்பில் அவ்வளவு குறைவாக இருக்க, மொத்தத்தில் பெண்கள் முந்துவது எப்படி என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். பெண்கள் கூடுதல் காலம் வாழ்வது கொஞ்சம் ஈடுகட்டும், அவ்வளவுக்கு ஈடுகட்டாது.

அதே சுற்றில் இன்னொன்றைப் பாருங்கள். பேட்டி எடுத்த பெண்கள் 7,24,115 பேர், ஆண்கள் 1,01,839 பேர். இதைப் பார்த்து "ஏழுக்கு ஒன்று, சாய்ந்த மாதிரி" என்று ஒருவர் ஒரு கூட்டத்தில் எழுந்து கத்தினார். இது திட்டமிட்டது. ஆண்களின் கேள்வித்தாள் 15 சதவீத வீடுகளில் மட்டும்தான். பெண்கள் 15–49, ஆண்கள் 15–54 என்று வயது வரம்பும் வேறு. எனவே வெண்ணிலா, பெண்கள் அதிகமாக இருப்பதற்குக் காரணம் திட்டமா, வீட்டில் ஆள் இல்லாததா, பேட்டிக்கு மறுத்ததா? மூன்றும் வேறு வேறு. முதலாவதை வெயிட் சரிசெய்துவிடும். மற்ற இரண்டையும் வயது, பாலினம் வாரியாக மக்கள்தொகைக் கணக்கோடு பொருத்தி ஓரளவுக்குச் சரிசெய்யலாம். ஓரளவுக்குத்தான். கிடைத்த 28 வயது ஆண்களுக்குக் கூடுதல் வெயிட் கொடுத்து கிடைக்காத 28 வயது ஆண்களுக்குப் பதிலாகப் பேசவைக்கிறோம். பகலில் வீட்டில் இருக்கும் 28 வயது ஆண், உடம்புக்கு முடியாமல் இருப்பவராகவும் இருக்கலாம்.

நாடித்துடிப்பு

பொதுச் சுகாதார மருத்துவர், இந்த இழையைக் கொஞ்ச நேரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எதிர்ப்பக்க உதாரணமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் யு.கே. பயோபேங்க், தன்னார்வலர்களின் உடல்நலத் தரவைத் திரட்டும் பெரிய ஆய்வு. 2006 முதல் 2010 வரை 40–69 வயதுக்காரர்கள் சுமார் 5 லட்சம் பேர். மலைக்கவைக்கும் எண். ஆனால் அழைப்பு அனுப்பியது சுமார் 92 லட்சம் பேருக்கு, வந்தது 5.5 சதவீதம். வந்தவர்கள் வசதி குறைந்த பகுதிகளில் வசிப்பது குறைவு, புகைப்பது குறைவு, பருமனும் குறைவு என்று அந்த நாட்டுப் பொதுமக்களோடு ஒப்பிட்டு 2017-ல் கட்டுரையே வெளியானது. உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள்தான் தாங்களாக வந்து நிற்பார்கள். எந்தக் காரணி எந்த நோயோடு தொடர்புடையது என்று தேட அந்தத் தரவு அருமையானது. நாட்டில் எத்தனை சதவீதம் பேருக்கு இந்த நோய் என்று கேட்க அது ஆகாது. மாதிரியின் அளவு பெரிதாக இருப்பதால் யார் வரவில்லை என்ற கேள்வி தீர்ந்துவிடாது.

சரி, வெண்ணிலாவின் வேலைக்கு வருவோம். திருமண நிலையை ரத்த அழுத்தத்தோடு குறுக்காகப் போடும்போது ஜாக்கிரதை. கணவனை அல்லது மனைவியை இழந்தவர்களில் உயர் ரத்த அழுத்தம் இரண்டு மடங்கு என்று வரும். "தனிமையின் மன அழுத்தம்" என்று உரைப் பகுதியில் இரண்டு பக்கம் எழுதக் கை துறுதுறுக்கும். ஒரு பேச்சுக்கு, 50 வயதுக்குக் கீழே எல்லோருக்கும் 20 சதவீதம், அதற்கு மேலே எல்லோருக்கும் 60 சதவீதம், திருமண நிலைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று வையுங்கள். திருமணமானவர்களில் 80 சதவீதம் பேர் 50-க்குக் கீழே என்றால் அவர்களில் 28 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். துணையை இழந்தவர்களில் 90 சதவீதம் பேர் 50-க்கு மேலே என்றால் 56 சதவீதம். சரியாக இரண்டு மடங்கு! முழுக்க முழுக்க வயது செய்த வேலை.

படிப்பிலும் இதே கதை. வயதானவர்களின் காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள் குறைவு. ஆகவே "படிக்காதவர்களுக்கு ரத்த அழுத்தம் அதிகம்" என்ற வரியில் பாதிக்கு மேல் வயது ஒளிந்திருக்கலாம். வயதைச் சமப்படுத்திய விகிதத்தையும், அதாவது எல்லாக் குழுவுக்கும் ஒரே வயதுப் பரவல் இருந்தால் என்ன வரும் என்பதையும், தாருங்கள். உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று 2001-ல் வெளியிட்ட உலகத் தர மக்கள்தொகை இருக்கிறது. இல்லாவிட்டால் உங்கள் நாட்டு மக்கள்தொகைக் கணக்கையே தரமாக வைத்துக்கொள்ளலாம். எதைப் பயன்படுத்தினீர்கள் என்று சொல்லிவிட வேண்டும்.

சந்தேகப்பிராணி

அப்படியென்றால் படிப்பு, வேலை, வருமானம் எல்லாமே வயதின் நிழல்தான் என்கிறீர்களா? பிறகு எதற்கு அவற்றை அட்டவணையில் வைத்துக்கொண்டு?

நாடித்துடிப்பு

அப்படிச் சொல்லவில்லை. வயதைச் சமப்படுத்திய பிறகும் மிச்சம் நிற்பதுதான் சுவாரசியமே. லண்டனில் 1967-ல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வைப் பாருங்கள். 40 வயது முதல் 64 வரையிலான ஆண் அரசு ஊழியர்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, மாதச் சம்பளம், ஒருவரும் பட்டினி கிடப்பவர் இல்லை. அப்படியிருந்தும் கீழ்நிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர்நிலை அதிகாரிகளைவிடச் சுமார் மூன்று மடங்கு. மைக்கேல் மார்மட்டும் உடன் ஆய்வாளர்களும் இதை எழுதியபோது அதிகம் பேசப்பட்டது, இடையில் இருந்த படிகள்தான். மேலிருந்து இரண்டாவது படியில் இருப்பவர்கூட முதல் படிக்காரரைவிட மோசம். படிப்பறிவு உண்டு/இல்லை, ஏழை/ஏழை அல்லாதவர் என்று இரண்டாக வெட்டினால் இந்தப் படிகள் மறைந்துபோகும். அதனால்தான் வகுப்புகளைச் சுருக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சண்டை போடுகிறேன்.

வேலை நிலையில் காரணம் எது, விளைவு எது என்பதையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் என்ற தொற்றா நோய்க் காரணிக் கணக்கெடுப்பின் கேள்வித்தாளில் வேலை இல்லாதவர்களை வேலை செய்ய முடிந்தவர், முடியாதவர் என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். காரணத்தோடுதான். பக்கவாதம் வந்து வேலையை விட்டவரையும், வேலை தேடிக்கொண்டிருக்கும் 23 வயதுக்காரரையும் ஒரே வரியில் போட்டுவிட்டு, வேலையின்மை நோயைத் தருகிறது என்று எழுதக் கூடாது. உங்கள் தரவில் அந்தப் பிரிவு இருந்தால் சேர்த்துவிடாதீர்கள்.

ஆர்_ஓட்டுபவன்

வருமானத்தைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. என் கட்சி: வருமானத்தைக் கேட்பதே வீண். சொத்துக் குறியீட்டைப் பயன்படுத்துங்கள். வீட்டின் சுவர் எதனால் ஆனது, கழிப்பறை உண்டா, தண்ணீர் எங்கிருந்து, என்னென்ன பொருட்கள் இருக்கின்றன என்பவற்றை முதன்மைக் கூறுப் பகுப்பாய்வில் போட்டு ஒரே எண்ணாக்கி, மக்களை ஐந்து சம பங்காகப் பிரிப்பது. ஃபில்மரும் பிரிட்செட்டும் 2001-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது எங்கும் பரவிவிட்டது. பேட்டியாளர் கண்ணால் பார்த்தே பாதியை நிரப்பிவிடலாம், யாரும் கோபப்பட மாட்டார்கள்.

களத்துமேடு

கோபப்பட மாட்டார்கள் என்பது சரி. வருமானம் கேட்டால் முகம் மாறும். அதிகம் சொன்னால் வரி, குறைத்துச் சொன்னால் கௌரவம், சரியாகச் சொன்னால் ஏதாவது உதவித்தொகை போய்விடுமோ என்ற பயம். அதோடு, இன்றைக்கு வேலை உண்டு நாளைக்கு இல்லை என்று இருப்பவரிடம் மாத வருமானம் கேட்டால் அவர் என்ன சொல்வார்? அவருக்கே தெரியாது. ஸ்டெப்ஸில் தொகையைச் சொல்லாதவரிடம் வரம்புகளைப் படித்துக்காட்டி எதில் வருவீர்கள் என்று கேட்பார்கள். அதில் பாதிப் பேர் வழிக்கு வருவார்கள்.

பழைய_புள்ளி

சொத்துக் குறியீடு சர்வரோக நிவாரணி ஆகாது, ஓட்டுபவரே. முதலில், அது ஒப்பீட்டு அளவு. எந்த நாட்டிலும் எந்த ஆண்டிலும் கடைசிப் பங்கில் 20 சதவீதம் பேர் இருப்பார்கள். நாடே பணக்கார நாடாகிவிட்டாலும் இருப்பார்கள். "ஏழைகளின் பங்கு 20 சதவீதம்" என்று அதை வறுமை விகிதமாக எழுதியிருந்த ஒரு கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது, அதில் இருக்கும் பொருட்கள் நகரத்துக்குச் சாதகமானவை. குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் நகரத்தில் ஏழைக்கும் இருக்கும். கிராமத்தில் நிலமும் மாடும் உள்ளவர் பட்டியலில் கீழே போய்விடுவார். இதைக் கண்டுதான் டி.எச்.எஸ். திட்டத்தில் 2008 வாக்கில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் தனித்தனியாகக் குறியீடு கட்டி, பிறகு இணைக்கும் முறையை ரட்ஸ்டீன் என்ற ஆய்வாளர் கொண்டுவந்தார். மூன்றாவது, அது வீட்டின் எண். வீட்டில் உள்ள மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே எண்தான். வீட்டுக்குள் காசு யார் கையில் இருக்கிறது என்று அது சொல்லாது.

இத்தனை இருந்தும் வருமானத்தில் பலர் விடுபட்ட தரவென்றால் நானும் அதைத்தான் எடுப்பேன்.

வெண்ணிலா_எம்டி

தரவில் சொத்துப் பங்கு பத்தியும் இருக்கிறது. ஆனால் ஐந்து பங்கும் 20, 20 என்று வரவில்லை. கீழ்ப் பங்கு குறைவாகவும் மேல் பங்கு அதிகமாகவும் வருகிறது. வெயிட் போட்ட பிறகும்கூட. நான் எழுதிய நிரலில் எங்கேயோ தப்போ என்று பயந்துகொண்டிருக்கிறேன்.

பழைய_புள்ளி

பயப்பட வேண்டாம். பங்கு வெட்டுவது எல்லா வீடுகளிலும் வசிக்கும் மொத்த ஆட்களை வைத்து, குழந்தைகளையும் சேர்த்து. நீங்கள் பார்ப்பது 18 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும். வசதி குறைந்த வீடுகளில் குழந்தைகள் அதிகம் என்றால் பெரியவர்களில் அந்தப் பங்கு 20-க்குக் கீழே போகும். அட்டவணைக்கு அடியில் இதையும் ஒரு வரி எழுதுங்கள்.

வெண்ணிலா_எம்டி

நன்றி சார்! பி மதிப்பு பற்றிச் சொல்லவில்லையே. கைடு கட்டாயம் வேண்டும் என்கிறார்.

நாடித்துடிப்பு

கைடுகளைப் பகைத்துக்கொள்ளாமல் சொல்வதென்றால், கூர்நோக்கு ஆய்வுகளை எழுதுவதற்கான ஸ்ட்ரோப் வழிகாட்டி 2007-ல் வந்தது. அதன் விளக்க உரை, விவரிக்கும் அட்டவணைகளில் பி மதிப்பு தரும் முக்கியத்துவச் சோதனைகளைத் தவிர்க்கச் சொல்கிறது. அதைக் கையோடு கொண்டுபோங்கள். ஆண்களின் படிப்புக்கும் பெண்களின் படிப்புக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்பது உங்கள் ஆய்வுக் கேள்வியே இல்லை. மாதிரி பெரிதாக இருந்தால் சின்ன வித்தியாசத்துக்குக்கூட 0.001-க்குக் கீழே என்று வந்து நிற்கும், அட்டவணை முழுக்க நட்சத்திரம் மின்னும், ஒரு தகவலும் கிடைக்காது. அதே வழிகாட்டி கேட்கும் இன்னொன்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: ஒவ்வொரு மாறிக்கும் எத்தனை பேரின் தகவல் இல்லை என்ற எண்.

ஆர்_ஓட்டுபவன்

கை-ஸ்கொயர் (பி மதிப்பைத் தரும் ஒரு சோதனை) போட்டே தீர வேண்டும் என்றாலும் சாதாரண கை-ஸ்கொயர் போடாதீர்கள். தரவு கிளஸ்டர் வாரியாக, அதாவது சில இடங்களைத் தேர்ந்து அங்கே கூட்டமாக எடுத்தது. ஒரே தெருவில் எடுத்த 25 பேர் ஒருவருக்கொருவர் ஒத்திருப்பார்கள். அவர்களுக்கு இடையிலான ஒட்டுறவு 0.02 என்ற சின்ன எண்ணாக இருந்தாலும் 1 + 24 × 0.02, அதாவது வடிவமைப்பு விளைவு 1.48. 3,000 பேரைப் பேட்டி எடுத்தாலும் துல்லியம் சுமார் 2,000 பேருக்கு உரியதுதான். படிப்பு, சொத்து மாதிரியான சமூக மாறிகளில் ஒட்டுறவு ரத்த அழுத்தத்தில் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கும், தெருவே ஒரே வசதியில் இருக்குமே. ஆரில் சர்வே தொகுப்பில் கிளஸ்டர், ஸ்ட்ரேட்டம் (மாதிரி எடுக்கும் முன் மக்களைப் பிரித்த பிரிவு), வெயிட் மூன்றையும் ஒரு தடவை அறிவித்துவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

சந்தேகப்பிராணி

வருமானம் சொல்லாதவர்களை எடுத்துவிட்டு மீதிப் பேரை வைத்து நூறு சதவீதம் ஆக்கினால் என்ன குடிமுழுகும்? விடாப்பிடியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

பழைய_புள்ளி

சொல்லாதவர்கள் சொன்னவர்களைப் போலவே இருந்தால் ஒன்றும் ஆகாது. களத்துமேடு சொன்ன காரணங்களைப் பாருங்கள், மேல்மட்டத்திலும் அடிமட்டத்திலும்தான் வாய் மூடும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுத்தரவர்க்க மாதிரி ஒன்று மிஞ்சும். சொல்லாதவர்களின் வயதையும் படிப்பையும் சொன்னவர்களின் வயதோடும் படிப்போடும் ஒரு சின்னத் துணை அட்டவணையில் ஒப்பிட்டால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வெண்ணிலா, அதைப் பின்னிணைப்பில் போடுங்கள், முதல் அட்டவணையில் "பதில் இல்லை" என்று ஒரு வரி போதும்.

வெண்ணிலா_எம்டி

கடைசியாக ஒன்று. திருமண நிலையில் விவாகரத்து ஆனவர்கள், பிரிந்து வாழ்பவர்கள் இரண்டும் மிகச் சிறிய எண்ணிக்கை. ஆண், பெண், நகரம், கிராமம் என்று பிரித்தால் ஒரு கட்டத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். துணையை இழந்தவர்களோடு சேர்த்து "முன்பு திருமணமானவர்" என்று ஒரே வரியாக்கலாமா? பல கட்டுரைகளில் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

பழைய_புள்ளி

டி.எச்.எஸ். அறிக்கைகளில் ஒரு நடைமுறை உண்டு, அதைப் பின்பற்றுங்கள். வெயிட் போடாத எண்ணிக்கை 25-க்கும் 49-க்கும் இடையில் இருந்தால் சதவீதத்தை அடைப்புக்குறிக்குள் தருவார்கள். 25-க்குக் கீழே என்றால் எண்ணைத் தராமல் ஒரு நட்சத்திரக் குறி மட்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் அறிக்கைகளிலும் இதைப் பார்க்கலாம்.

சின்னக் கட்டத்தில் இன்னொரு தொல்லை, ஆளை அடையாளம் காட்டிவிடும். ஒரு பகுதியில் விவாகரத்தான, பட்டம் படித்த, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண் ஒருவர் என்றால் பக்கத்துத் தெருவுக்கே தெரியும் அது யார் என்று. அமெரிக்காவின் நேஹேன்ஸ் என்ற தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பின் தரவில் 80 வயதும் அதற்கு மேலும் எல்லோருக்கும் 80 என்றே போட்டு வெளியிடுவது இதனால்தான்.

நாடித்துடிப்பு

விவாகரத்தையும் பிரிந்து வாழ்வதையும் சேர்க்கலாம், வயதும் சூழ்நிலையும் நெருக்கமானவை. துணையை இழந்தவர்களைத் தனியாகவே வையுங்கள். மேலே போட்ட 28, 56 கணக்கை இன்னொரு முறை பாருங்கள். வயது முற்றிலும் வேறான இரண்டு கூட்டத்தை ஒரே வரியில் கலந்தால் அந்த வரிக்குப் பொருளே இருக்காது.

வெண்ணிலா_எம்டி

சரி டாக்டர். இரண்டையும் மட்டும் சேர்த்துவிட்டேன், அப்படியும் நகர ஆண்களில் 25-ஐத் தொடவில்லை, நட்சத்திரம் போட்டாயிற்று. இப்போது பத்திகள்: எண்ணிக்கை, வெயிட் போட்ட சதவீதம், அதற்குப் பக்கத்தில் மக்கள்தொகைக் கணக்கின்படி 18 வயதுக்கு மேற்பட்டவர்களின் சதவீதம். பி மதிப்புப் பத்தியை எடுத்துவிட்டேன். கைடு கேட்டால் ஸ்ட்ரோப் கைவசம் இருக்கிறது. 18–29 ஆண்கள் வரிசையில் எனக்கும் மக்கள்தொகைக் கணக்குக்கும் நல்ல இடைவெளி தெரிகிறது.

களத்துமேடு

களப்பணிப் பதிவேட்டைக் கேட்டு வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் எந்தத் தேதி, எந்த நேரம் போனார்கள் என்று அதில் இருக்கும். மாலை ஆறு மணிக்குப் பிறகு போனது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், அந்த இடைவெளிக்குப் பாதி விளக்கம் அதிலேயே கிடைத்துவிடும்.